பேச்சுப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் கட்டுரைகளில் கணிசமான பகுதியை ஒரே ஆள் எழுதியிருக்கிறார், அந்த ஆளுக்கு ஸ்காட்ஸ் மொழி தெரியாது என்று 2020 ஆகஸ்டில் ஒரு வாசகர் கண்டுபிடித்து இணையத்தில் எழுதினார். எழுதித் தள்ளியவர் ஓர் அமெரிக்க இளைஞர். பன்னிரண்டு வயதில் தொடங்கி, ஏழு ஆண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை உருவாக்கியிருந்தார். ஆங்கிலக் கட்டுரையை எடுத்துக்கொள்வார். இணைய அகராதியில் அகப்பட்ட ஸ்காட்ஸ் சொற்களை அங்கங்கே பொருத்துவார். மற்ற இடங்களில் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைச் சற்றுத் திரித்துவிடுவார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் சுமார் பதினைந்து லட்சம் பேர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேச வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய மொழிக்கு இணையத்தில் கிடைக்கும் பெரிய எழுத்துத் தொகுதிகளில் ஒன்று, அந்த மொழியையே பிழை மலிந்த ஆங்கிலமாகக் காட்டிக்கொண்டு ஏழாண்டு கிடந்தது. அந்த இளைஞரிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஒரு சிறு மொழிக்குத் தொண்டு செய்வதாகவே நம்பினார். அந்த விக்கிப்பீடியாவின் நிர்வாகியாகவும் இருந்தார்.

இதில் மறைவாக நடந்தது ஒன்றுகூட இல்லை. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரம், பயனர் பெயரோடு கட்டுரையின் வரலாற்றில் ஏறிவிடுகிறது. ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைத் திறந்தால் சற்றுமுன் யார் எதை மாற்றினார் என்று எவரும் பார்க்கலாம். வேண்டாததைப் பழைய வடிவத்துக்குத் திருப்பலாம். ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவிலும் இந்த வசதிகள் எல்லாம் இருந்தன. ‘இது எங்கள் மொழி இல்லை’ என்று சொல்லி, சொன்னதில் விடாமல் நிற்கத்தான் ஆள் இல்லை. திறந்த கலைக்களஞ்சியத்தை ஏன் நம்பலாம் என்று கேட்டால், யாரும் திருத்தலாம் என்பதால் பிழைகள் தாமாகவே களையப்பட்டுவிடும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதிப் பதில். திருத்தும் உரிமை ஏட்டில் இருப்பது வேறு, திருத்துவதற்கு ஆள் வந்து நிற்பது வேறு. தன்னார்வலர்கள் கூடி எழுதும் கலைக்களஞ்சியத்தின் நம்பகம், எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதைவிட, எழுதியதை மறுக்கத் தெரிந்தவர்களும், மறுத்தால் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்களும் எத்தனை பேர் என்பதையே சார்ந்திருக்கிறது. இது சரியென்றால், கட்டுரை எண்ணிக்கையை வைத்து விக்கிப்பீடியாக்களைத் தரவரிசைப்படுத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கும். தமிழ் விக்கிப்பீடியா குறித்து நாம் கொண்டாடுவனவற்றில் சிலவற்றையும் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்.

விக்கிப்பீடியா பிறந்த கதையே வழக்கமாகத் தவறாகச் சொல்லப்படுகிறது. 2000 மார்ச்சில் ஜிம்மி வேல்ஸ் பணம் போட, லாரி சாங்கர் தலைமை ஆசிரியராக இருக்க, நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கியது. துறை வல்லுநர்கள் எழுதுவார்கள். ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிநிலைகளைக் கடந்த பிறகே வெளியாகும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடந்து 2003இல் மூடப்பட்டபோது, எல்லாப் படிகளையும் கடந்து வந்திருந்த கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. அதற்குத் துணையாக, வரைவுகளை விரைவாகச் சேர்ப்பதற்கென்று, வார்டு கன்னிங்காம் 1995இல் உருவாக்கியிருந்த விக்கி முறையைக் கொண்டு 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியதுதான் விக்கிப்பீடியா. முதல் ஆண்டு முடிவதற்குள் அதில் ஏறத்தாழ இருபதாயிரம் கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. இதிலிருந்து, சரிபார்ப்பைத் தூக்கியெறிந்ததால் விக்கிப்பீடியா வென்றது என்று முடிவுகட்டுகிறார்கள். சரிபார்ப்பு எங்கும் போகவில்லை. வெளியீட்டுக்கு முன்னால் நின்றது வெளியீட்டுக்குப் பின்னால் நகர்ந்தது, அவ்வளவுதான். வரலாற்றுப் பக்கம், ஒருவர் தாம் தேர்ந்த கட்டுரைகளில் நடக்கும் மாற்றங்களைத் தொடர உதவும் கவனிப்புப் பட்டியல், ஒவ்வொரு கட்டுரையோடும் ஒட்டி வரும் பேச்சுப் பக்கம், நடுநிலை நோக்கு வேண்டும், சான்று காட்ட வேண்டும் என்ற கொள்கைகள் எல்லாம் அந்தப் பின்சரிபார்ப்புக்காக உருவான ஏற்பாடுகள். ஏழு படிநிலைகளுக்குச் சம்பளமோ பதவியோ கொடுத்து ஆள் வைக்கலாம். பின்சரிபார்ப்புக்கு அப்படி வைக்க முடியாது. தானாக வருபவர் வந்தால் உண்டு.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005இலேயே சான்று கிடைத்தது. அமெரிக்க இதழாளர் ஜான் சைகந்தாலரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக ஒருவர் மே மாதம் விளையாட்டாக எழுதிவைத்தார். ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணிபுரிந்தவர் சைகந்தாலர். அந்த அவதூறு நான்கு மாதம் அப்படியே இருந்தது. அப்போதே லட்சக்கணக்கான கட்டுரைகள் இருந்த ஆங்கில விக்கிப்பீடியாவில், அந்தக் கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருந்தவர் எவரும் இல்லை போலும். அதே ஆண்டு டிசம்பரில் ‘நேச்சர்’ இதழ், 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாவையும் பிரித்தானிக்காவையும் வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. முன்னதில் 162 பிழைகள், பின்னதில் 123. கட்டுரைக்குச் சராசரி நான்கு, மூன்று என்ற கணக்கு. பிரித்தானிக்கா அந்த ஆய்வு முறையைக் கடுமையாக மறுத்தது, ‘நேச்சர்’ பின்வாங்க மறுத்தது. இருபது ஆண்டுகளாக விக்கிப்பீடியாவின் அன்பர்கள் இரண்டாவது செய்தியையும் அதை நம்பாதவர்கள் முதல் செய்தியையும் மேற்கோள் காட்டி வருகிறார்கள். இரண்டும் ஒரே உண்மையைத்தான் காட்டுகின்றன. இயற்பியல், உயிரியல் தலைப்புகளை ஆங்கிலத்தில் பார்ப்பதற்கு ஆயிரம் பேர் உண்டு. ஓய்வுபெற்ற ஓர் இதழாளரின் பக்கத்தைப் பார்க்க ஆளில்லை. தளம் ஒன்று, விதிகள் ஒன்று. பார்வை விழுந்த இடத்தில் ஒரு தரம், விழாத இடத்தில் வேறொரு தரம்.

கண்கள் நிறைய இருந்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. 2019இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் ஒரு குழுவினர் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் ஏராளமான கட்டுரைகளை எடுத்து, அவற்றில் கைவைத்தவர்களின் அரசியல் சாய்வை அவர்களுடைய மற்றத் திருத்தங்களிலிருந்து கணித்து, கட்டுரையின் தரத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். ஒரே சாய்வு உடையவர்கள் சேர்ந்து எழுதியவற்றைவிட, இருபுறமும் சாய்ந்தவர்கள் மல்லுக்கு நின்று எழுதிய கட்டுரைகளே தரத்தில் மேலாக இருந்தன. அரசியல் தலைப்புகளில் மட்டுமல்ல, சமூகம், அறிவியல் பற்றியவற்றிலும் இது தெரிந்தது. தரம் என்று அவர்கள் அளந்தது விக்கிப்பீடியாவின் சொந்தத் தர அளவுகளைத்தான் என்ற குறை இதில் உண்டு. ஆனாலும் காரணம் விளங்குகிறது. எதிர்த்தரப்பிலிருந்து வருபவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று கேட்பார். கேட்கப்பட்டவர் தேடித் தருவார் அல்லது அந்த வாக்கியத்தை எடுத்துவிடுவார். மறுப்பவர் தம் விருப்பத்தைச் சொல்லி மறுக்க முடியாது, கொள்கையைக் காட்டியே மறுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பதால்தான் அந்தச் சண்டை அறிவாக மாறுகிறது. இல்லாவிட்டால் அது தெருமுனைக் கூச்சலாகவே முடிந்திருக்கும்.

மாறுபட்டவர்கள் இல்லாமல் போனால் கூட்டமே ஆபத்தாகும் என்பதற்குக் குரோவேசிய விக்கிப்பீடியாவைவிடத் தெளிவான சான்று கிடையாது. அங்கே ஆள் இல்லாத குறை இல்லை. சுறுசுறுப்பான நிர்வாகிகள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் செல்வாக்கு மிகுந்த ஒரு சிறு குழு தீவிர வலதுசாரிச் சாய்வு உடையது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் துணையோடு குரோவேசியாவை ஆண்ட உஸ்தாசா இயக்கத்தினர் செர்பியர், யூதர், ரோமா மக்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்று குவித்த யாசனோவாத்ஸ் வதைமுகாம், அந்தத் தளத்தில் ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கிய முகாமாகச் சுருங்கிப் போனது. மறுத்தவர்கள் தடைசெய்யப்பட்டார்கள், அலுத்துப்போனவர்கள் தாமாகவே விலகினார்கள். 2013இல் விஷயம் செய்தித்தாள்களுக்கு வந்தபோது, மாணவர்கள் அந்த விக்கிப்பீடியாவைப் பயன்படுத்த வேண்டாம் என்று நாட்டின் கல்வி அமைச்சரே சொல்ல நேர்ந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் குழு அசையவில்லை. விக்கிப்பீடியாக்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கை, ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் ஒரு கும்பல் ஒரு மொழியின் கலைக்களஞ்சியத்தைத் தன் பிடியில் வைத்திருந்ததை விரிவாகப் பதிவுசெய்தது. ஒருவர் பேசுவது மற்றவருக்கு எளிதில் புரியும் நிலையில் இருந்தும், அப்பகுதிக்கு செர்போ-குரோவேசியம், குரோவேசியம், செர்பியம், பொசுனியம் என நான்கு விக்கிப்பீடியாக்கள். யாசனோவாத்ஸில் உறவினரைப் பறிகொடுத்த செர்பியக் குடும்பத்துப் பிள்ளை குரோவேசியக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்கு வர வேண்டிய தேவையே எழவில்லை. அவருக்குத்தான் தனியாக ஒரு தளம் இருக்கிறதே. அதே முகாமைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் எல்லாத் தரப்பினரும் மோதுகிறார்கள். அந்தக் கட்டுரை அழகாக இராது, ஆனால் கொலையைக் கொலை என்று சொல்லும்.

ஆட்கள் ஏராளமாக உள்ள விக்கிப்பீடியாவிலும் இருட்டு மூலைகள் உண்டு. சீன விக்கிப்பீடியாவில் ஒரு பெண் ஏறத்தாழ பத்தாண்டுகளாக இடைக்கால ரஷ்ய வரலாறு குறித்து இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கற்பனையாக எழுதினார். இல்லாத வெள்ளிச் சுரங்கத்துக்காக நடக்காத போர்கள் நடந்தன. அவர் காட்டிய சான்றுகள் ரஷ்ய நூல்களாக இருந்ததால் சீன வாசகர் எவரும் தேடிப்போய்ப் பார்க்கவில்லை. 2022இல் நாவல் ஒன்றுக்குத் தகவல் தேடிய ஓர் எழுத்தாளர் சந்தேகப்பட்ட பிறகே குட்டு உடைந்தது. இன்னொரு எல்லையில் பிலிப்பைன்சின் செபுவானோ மொழி விக்கிப்பீடியா இருக்கிறது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு, எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம். பெரும்பகுதி, ஸ்வெர்கெர் யோகான்சன் என்ற சுவீடன்காரர் இயக்கிய தானியங்கி தரவுத்தளங்களிலிருந்து எடுத்துக் கோத்த குறுங்கட்டுரைகள்: உயிரினங்கள், மலைகள், ஓடைகள். அவற்றைப் பொய் என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவற்றை மனிதர் எவரும் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வருவோம். 2003 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்கக் காலத்தில் அதைத் தாங்கிப் பிடித்தவர், அப்போது ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். அடுத்தடுத்து இலங்கை, தமிழ்நாடு, கனடா, வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். செர்போ-குரோவேசியம்போல இது நாட்டுக்கு ஒன்றாகப் பிரியவில்லை. ஒருங்கே இருந்ததால் சச்சரவும் ஓயவில்லை. இலங்கைப் பாடநூல் இரசாயனவியல் என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் வேதியியல் என்கிறது. நாடாளுமன்றமா பாராளுமன்றமா, கிரந்த எழுத்துகளை வைத்துக்கொள்வதா விடுவதா, வெளிநாட்டுப் பெயர்களை எந்த ஒலிப்பில் எழுதுவது என்று ‘ஆலமரத்தடி’ என்ற பொது விவாதப் பக்கத்திலும் கட்டுரைகளின் பேச்சுப் பக்கங்களிலும் பக்கம் பக்கமாக வாதங்கள் குவிந்துகிடக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை வெட்டி வேலையாகத் தோன்றும். சில இடங்களில் அப்படித்தான் இருக்கின்றன. கிரந்தம் பற்றிய வாதங்களில் ஒரு பகுதியைப் படிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் ஒரு சொல்லுக்காக வந்தவர் அடுத்த வரியில் உள்ள பிழையையும் பார்த்துவிடுகிறார். ஒரு தலைப்பிலிருந்து மற்றதற்கு வழிமாற்று போட்டு இரு வழக்குகளுக்கும் இடம் தரலாம் என்ற ஏற்பாடு அந்தச் சச்சரவுகளின் விளைவுதான். ஒரு நாட்டின் பாடநூல் வழக்கை மற்ற நாட்டவர் தலையில் கட்டும் வாய்ப்பு அதனால் வெகுவாகக் குறைந்தது.

இந்தப் பன்மைக்கும் எல்லை உண்டு. ஈழப் போரைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களும் படிப்பவர்களும் அநேகமாகத் தமிழர்களே. சிங்களத் தரப்பிலிருந்து ஒருவர் தமிழ்ப் பேச்சுப் பக்கத்துக்கு வந்து சான்று கேட்பது அரிது. சிங்கள விக்கிப்பீடியாவிலும் நிலைமை தலைகீழாக இதேதான். ஆங்கிலத்தில் மட்டும் இரு தரப்பாரும் ஒரே கட்டுரையில் மோத வேண்டியிருந்தது. திருத்தப் போர்கள் முற்றியதன் விளைவாக, இலங்கை நல்லிணக்கத் திட்டம் என்று ஒரு கூட்டு முயற்சியே அங்கே உருவாயிற்று. எந்தச் செய்தி மூலத்தை எந்த அடைமொழியோடு மேற்கோள் காட்டலாம் என்பதுவரை பேசி வரையறுத்தார்கள். தமிழ்க் கட்டுரைகள் பொய் சொல்கின்றன என்று இதற்குப் பொருளில்லை. எதிர்க்கேள்விக்கு ஆளான எழுத்துக்கும் ஆளாகாத எழுத்துக்கும் உள்ள வேறுபாடு நம் வீட்டிலும் இருக்கிறது என்பதைக் குரோவேசியரைக் குறை சொல்லும்போது மறந்துவிடக் கூடாது.

தமிழ் விக்கிப்பீடியா எண்ணிக்கைக்கும் சரிபார்ப்புக்கும் இடையில் தெளிவாகத் தேர்ந்துகொள்ள வேண்டிவந்தது, 2009 முதல் 2011 வரை கூகுள் நடத்திய மொழிபெயர்ப்புத் திட்டத்தின்போது. இந்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், அரபு, சுவாகிலி போன்ற மொழிகளில் இணைய உள்ளடக்கம் குறைவு என்று கண்ட கூகுள், தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொடுத்து, கூலிக்கு ஆட்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளை அந்தந்த விக்கிப்பீடியாக்களில் ஏற்றியது. பல மொழிகளிலும் சேர்த்து ஒரு கோடியே அறுபது லட்சம் சொற்கள் மொழிபெயர்க்கப்பட்டதாக 2010இல் அறிவித்தது. தமிழில் வந்து விழுந்தவை நீண்ட கட்டுரைகள். தலைப்புகள் ஆங்கிலத் தேடலில் எவை புகழ்பெற்றவையோ அவை. நடை, ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே தெரியும் நடை. இவற்றைவிடப் பெரிய குறை வேறு: பிழையைச் சுட்டிப் பேச்சுப் பக்கத்தில் எழுதினால் பதில் வராது. மொழிபெயர்த்தவருக்குக் கட்டுரையை ஏற்றியதோடு வேலை முடிந்தது. ஏற்றிய மறுநாளே அந்தக் கட்டுரை பெற்றவர் இல்லாத பிள்ளை ஆகிவிட்டது. அதைத் திருத்தும் பொறுப்போ, விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலர்கள் தலையில்.

வங்காள விக்கிப்பீடியர்கள் இத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்துவிட்டார்கள். தமிழர்கள் வேறு வழியில் போனார்கள். கூகுளோடு பேச உட்கார்ந்தார்கள். எந்தத் தலைப்புகள் வேண்டும் என்று தாங்களே பட்டியல் தருவது, ஏற்றிய கட்டுரையைத் திருத்திய பிறகே அடுத்ததை ஏற்றுவது, மொழிபெயர்ப்பாளர்கள் பேச்சுப் பக்கத்தில் பதில் சொல்வது என்பன அவர்கள் வைத்த கோரிக்கைகளின் சாரம். போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த 2010 விக்கிமேனியா மாநாட்டில், தமிழ் விக்கிப்பீடியா சார்பில் இத்திட்டம் குறித்த விமரிசன ஆய்வுரை ஒன்றும் வாசிக்கப்பட்டது. உலகின் பெரிய நிறுவனம் ஒன்று இலவசமாகக் கொடுப்பதை, கொடுக்கும் விதம் சரியில்லை என்று ஊதியம் வாங்காத சிலர் தடுத்து நிறுத்தியது சின்னச் செய்தி இல்லை. அன்று அவர்கள் மறுக்காமல் இருந்திருந்தால் இன்று தமிழ் விக்கிப்பீடியாவின் எண்ணிக்கை இன்னும் பெரிதாக இருந்திருக்கும், படிக்க ஆளும் இருந்திருக்காது. அந்தத் திட்டம் விட்டுச்சென்ற கட்டுரைகளைச் சீராக்கும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கட்டுரை இருந்தால்தான் வாசகர் வருவார், வாசகர் வந்தால்தான் அவர்களில் நூற்றில் ஒருவர் தொகுப்பாளர் ஆவார். எனவே முதலில் எண்ணிக்கையைப் பெருக்கு, சரிபார்ப்பவர்கள் பின்னால் வருவார்கள் என்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் தொடக்க ஆண்டுகள் இதற்குச் சார்பாகத்தான் பேசுகின்றன. ஆனால் அங்கே கட்டுரைகள் பெருகியது பெரும்பாலும் மனிதக் கைகளால். அவற்றில் பெரும்பாலானவை பிறக்கும்போதே தம்மீது அக்கறை கொண்ட ஒருவரோடு பிறந்தன. செபுவானோவில் அறுபது லட்சம் கட்டுரைகள் வந்த பிறகும் தொகுப்பாளர் கூட்டம் திரளவில்லை. விதைத்தது எண்ணிக்கை, விளைந்ததும் எண்ணிக்கையே. தமிழில் நடத்தப்படும் கட்டுரைப் போட்டிகளையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். இந்திய மொழிகளுக்கிடையே நடந்த வேங்கைத் திட்டப் போட்டியின் இரண்டாம் சுற்றில், 2019-20இல், தமிழ் முதலிடம் பிடித்தது. அதில் எழுதியவர்களின் உழைப்பு உண்மையானது. சில நல்ல தொகுப்பாளர்களும் அதனால் கிடைத்தார்கள். ஆனால் போட்டி எண்ணியது கட்டுரைகளை, சொற்களை. எழுதியவர் அடுத்த மாதமும் தம் கட்டுரையைக் கவனிக்கிறாரா, இன்னொருவர் அதைத் தொட்டாரா என்பதற்குப் புள்ளி கிடையாது. 2017 மே மாதத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியபோது ஊடகங்கள் எழுதியதும் அந்த ஒரு லட்சத்தைப் பற்றித்தான்.

இன்னொரு மறுப்பு வல்லுநர்களைக் காட்டி வருவது. தெரியாதவர்கள் பத்துப் பேர் மறுத்துக்கொள்வதைவிடத் தெரிந்தவர் ஒருவர் எழுதுவது மேல் என்பது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. தமிழில் அதற்கு முன்னுதாரணமும் உண்டு. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம், அறிஞர் கூட்டம் ஒன்று சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இன்றும் அடையாளம். ஆனால் அதற்கு ஒரு நிறுவனமும் அரசின் ஆதரவும் வெளியீட்டுக்கு மட்டுமே பதினான்கு ஆண்டுகளும் தேவைப்பட்டன. முதல் தொகுதி அச்சேறிய பிறகு உலகம் மாறியது; விட்டுப்போனதைப் பத்தாம் தொகுதியில் இணைப்பாகத்தான் சேர்க்க முடிந்தது. இணையத்தில் இதே வழியை மீண்டும் முயன்றவர் லாரி சாங்கரேதான். விக்கிப்பீடியாவிலிருந்து விலகி, 2006இல் சிட்டிசன்டியம் என்ற தளத்தைத் தொடங்கி, உண்மைப் பெயரில்தான் எழுத வேண்டும், வல்லுநரின் ஒப்புதல் வேண்டும் என்றார். சில ஆண்டுகளில் அது ஒடுங்கிவிட்டது. வல்லுநர் வேண்டாம் என்பதில்லை. விக்கிப்பீடியாவில் வல்லுநருக்கு இடமுண்டு. ஆனால் அவரும் சான்று காட்ட வேண்டும். ‘நான் பேராசிரியர்’ என்பது அங்கே சான்றாகாது. அது பல பேராசிரியர்களுக்குக் கசக்கிறது. பட்டத்தைச் சரிபார்க்க வழியில்லாத இடத்தில் வாக்கியத்தைச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது மறுப்பு இவற்றைவிடக் கூர்மையானது, இந்தக் கட்டுரையின் வாதத்தையே திருத்திக்கொள்ள வைப்பது. மறுப்பே புதியவர்களை விரட்டுகிறது என்பது அது. ஆங்கில விக்கிப்பீடியாவின் சுறுசுறுப்பான தொகுப்பாளர்கள் 2007இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். 2013 வாக்கில் அது முப்பதாயிரத்தை ஒட்டி இறங்கியிருந்தது. ஏன் என்று ஆராய்ந்த ஆரன் ஹாஃபேக்கர் குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவு இது: விஷமத் திருத்தங்களைத் தடுக்கக் கொண்டுவந்த தானியங்கிகளும் அரைத் தானியங்கிக் கருவிகளும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களையும் சேர்த்தே துடைத்தெறிந்தன. காரணம் கேட்டால் முன்கூட்டி எழுதிவைத்த வார்ப்புரு ஒன்றுதான் பதிலாக ஒட்டப்பட்டது. வந்த வேகத்தில் அவர்கள் திரும்பிப் போனார்கள். தனிக் கட்டுரை எழுதத்தக்க அளவு ஒருவர் அறியப்பட்டவரா என்று பார்க்கும் குறிப்பிடத்தக்கமைக் கொள்கையிலும் இந்த நோய் உண்டு. கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய வரைவுக் கட்டுரை, போதிய சான்று இல்லை என்று 2018 மே மாதம் திருப்பி அனுப்பப்பட்டது. அக்டோபரில் அவர் நோபல் பரிசு பெற்றார். மறுப்பு எல்லாமே நல்லது என்று சொல்ல முடியாது என்பதை இவை காட்டுகின்றன. ஆனால் ஹாஃபேக்கர் கண்டது மறுப்பு மிகுந்ததால் வந்த கேடு இல்லை. மறுத்தவர் இல்லாமலே மறுப்பு நடந்ததால் வந்த கேடு. தானியங்கி நீக்குகிறது, வார்ப்புரு பேசுகிறது, மறுபக்கத்தில் மனிதர் இல்லை. கூகுள் திட்டத்தில் எழுதியவர் பதில் சொல்லவில்லை. இங்கே அழித்தவர் பதில் சொல்லவில்லை. எழுதுவதற்கும் அழிப்பதற்கும் பொறுப்பேற்றுப் பேச ஒருவர் வேண்டும் என்ற அதே தேவைதான் இரண்டிலும் தவறியது.

கேட்டதும் உரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் பரவிய பிறகு இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. ஒரு கட்டுரையை உருவாக்கும் செலவு ஏறத்தாழ பூச்சியமாகிவிட்டது. அதைச் சரிபார்க்கும் செலவு சற்றும் குறையவில்லை. சரளமான நடையும் இல்லாத நூல்களுக்கான மேற்கோளும் சேர்ந்து வந்தால், பிழையைக் கண்டுபிடிக்க முன்பைவிட அதிக நேரமாகும். யாரும் படித்துப் பார்க்காமல் ஏற்றிய இயந்திரக் கட்டுரைகளை விவாதமின்றி விரைந்து நீக்க வழிசெய்யும் விதியை ஆங்கில விக்கிப்பீடியா 2025இல் ஏற்றுக்கொண்டது. அங்கே அந்த விதியைச் செயல்படுத்த ஆட்கள் இருக்கிறார்கள். அதே ஆண்டு கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவை மூட முடிவாயிற்று. கேட்டுக்கொண்டவர் அதை ஏறக்குறைய தனியாளாகப் பராமரித்துவந்த நிர்வாகி. இயந்திரத்தில் மொழிபெயர்த்த, அந்த மொழியில் இல்லவே இல்லாத சொற்கள் மண்டிய கட்டுரைகளை மொழி தெரியாதவர்கள் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். அவற்றையே உண்டு அடுத்த மொழி மாதிரி பழகும், அது இன்னும் மோசமாக எழுதும். சுமார் ஐம்பத்தேழாயிரம் பேர் வாழும் தீவில், தங்கள் மொழியில் வந்து மறுக்கப் போதிய ஆட்கள் கூடவில்லை.

தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. கோடிக்கணக்கில் பேசுபவர்களும், இருபது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய சமூகமும் உண்டு. ஆனால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்ட கட்டுரைகளைத் தொடர்ந்து பார்த்துக்கொள்பவர்கள் சில நூறு பேர்தான், அவர்களிலும் நாள்தோறும் வருபவர்கள் இன்னும் குறைவு. போட்டி நடத்துபவர்கள் புதிய கட்டுரைக்குத் தரும் புள்ளியில் பாதியையாவது பிறர் கட்டுரையில் சான்று சரிபார்ப்பதற்கும், பேச்சுப் பக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை தேடித் தருவதற்கும் ஒதுக்கலாம். கல்லூரிகள் மாணவர்களிடம் புதுக்கட்டுரை கேட்பதற்குப் பதில், இருக்கும் ஒரு கட்டுரையை எடுத்து அதன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று உண்டா என்று பார்க்கச் சொல்லலாம். ஆண்டறிக்கைகள் மொத்தக் கட்டுரை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே வேறு இரண்டு எண்களையும் வெளியிடலாம்: எழுதியவரைத் தவிர இன்னும் இரண்டு மனிதராவது திருத்திய கட்டுரைகள் எத்தனை, யாருடைய கவனிப்புப் பட்டியலிலும் இல்லாதவை எத்தனை. முதல் எண்ணைத் திருத்த வரலாற்றிலிருந்து எவரும் எடுத்துவிடலாம். இரண்டாவதை நிர்வாகிகளால் பார்க்க முடியும்.